பயந்தவன் பெயரை முதலில் எழுது

எப்போதும் எனக்கு நாலடி முன்னால் நடந்துபோகிற அண்ணா,

சென்ற வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நம் குடும்ப வரலாற்றில் நெடுங்காலம் பேசப்படக்கூடிய ஒரு முடிவை எடுத்து, அன்றே அதை நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டேன் என்பதை உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். வாசற்கதவில் இருந்த அழைப்பு மணியைக் கழற்றிவிட்டேன்.

இது அவசரத்தில் எடுத்த முடிவல்ல. மூன்று நாள் யோசித்தேன். மணி இருப்பதால் என்ன நன்மை, மணி இருப்பதால் யார் யார் வருகிறார்கள் என்று இரண்டு பட்டியல் போட்டுப் பார்த்தேன். என் மகள் தேவி எதிர்த்தீர்ப்பு கொடுத்தாள். "உனுக்கு இன்னா ஆச்சுப்பா? பெல்லு இல்லன்னா வர்றவன் வராம பூடுவானா?" என்பதே அந்தத் தீர்ப்பின் முழு வாசகம். அதை மரியாதையுடன் பதிவு செய்துகொண்டு, பெரும்பான்மையின் முடிவுப்படி திருகாணிகளைக் கழற்றினேன். பெரும்பான்மை நான்தான்.

நீ தில்லியிலிருந்து வாங்கிவந்த மணி அது, நினைவிருக்கிறதா? ஐந்து நீதிபதிகள் முன்னால் நான்கு நாள் வாதாடி ஜெயித்துவிட்டு, கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கினாய். பெட்டியில் ஏதோ தங்கப்பதக்கம் இருக்கிறது என்று ஊரே நினைத்தது. பிரித்தால் குருவிச்சத்தம் போடுகிற மணி. "பெல்லு அடிச்சா பயப்படறியே, இது குருவிடா, குருவிக்கு கூடவா பயப்படுவே?" என்றாய். இப்போது பின்பக்க முருங்கை மரத்தில் உண்மையான குருவி கத்தினாலும் நான் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுகிறேன். குருவியின்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. யார் பெயரில் கத்துகிறது என்று தெரியவில்லை, அதுதான்.

நீ போய் ஒன்பது மாதமாகிறது. உன் சக வழக்கறிஞர்கள் ஒரு நினைவு மலர் கொண்டுவருகிறார்கள். 'வாழ்வும் பணியும்' என்ற தலைப்பில் தம்பி ஒரு கட்டுரை தர வேண்டுமாம். உன்னைப் பற்றி ஊருக்குச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. ஏதாவது தவறாகச் சொன்னால் நீயே வந்து திருத்துவாய் என்று இன்னும் தோன்றுகிறது. அதனால் உனக்கே எழுதுகிறேன். அவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

வாழ்வு என்றால், அவர்களுக்குத் தெரிந்ததுதான். நெல் விவசாயி ஒருவருக்கு மூத்த மகன். அம்மா திருவாலங்காட்டில் வேண்டிக்கொண்டு பெற்றதால் சபாபதி. பொன்னேரி கோர்ட்டில் வரப்புத் தகராறு, மாட்டுத் தகராறு என்று ஆறு வருடம். பிறகு உயர் நீதிமன்றம். தினமும் மின்சார ரயில். பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் காரணம் சொல்லாமல் வண்டி நிற்குமே, அந்த இடைவெளியில்தான் அரசியலமைப்புச் சட்டம் முழுவதையும் படித்து முடித்ததாகச் சொல்வாய். ரயில்கள் நேரத்துக்கு ஓடியிருந்தால் இந்த நாட்டுக்கு ஓர் அரசியல்சட்ட வழக்கறிஞர் குறைந்திருப்பார்.

நைனாவுக்கு நீ என்ன வேலை செய்கிறாய் என்பது கடைசிவரை விளங்கவில்லை. "சபாபதி யார் கேஸ பாக்கறான்?" என்று கேட்பவர்களிடம், "சர்க்கார் மேல சர்க்கார் புக்க வெச்சே கேஸ் போடறான்" என்பார். உன் பணியைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக இந்த மலரில் யாரும் எழுதிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

நீதிமன்றத்தில் உனக்கு அஞ்சலி செலுத்திய நாளன்று என்னையும் அழைத்துப்போய் இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தார்கள். நீதிபதிகள் எழுந்து நின்றார்கள். "அச்சம் என்பதையே அறியாதவர்" என்று ஒருவர் உன்னைப் பற்றிச் சொன்னார். ஊரில் ஒட்டிய சுவரொட்டியிலும் அதேதான், எழுத்து மட்டும் பெரிது. நான் தலையாட்டினேன். வீட்டில் இருந்த பயம் முழுவதும் என் பங்குக்கே வந்துவிட்டது, உனக்கு மிச்சமில்லை என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

சர்க்கார்மேல் நீ போட்ட முதல் வழக்கை இங்கே எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் இப்போது நடப்பது படிப்பவர்களுக்குப் புரியாது.

தொழிற்பேட்டை நம் ஊர்ப்பக்கம் நகர்ந்துவந்த காலம். ஒருநாள் காலையில் ஏரிக்குத் தண்ணீர் வருகிற கால்வாயைச் சுற்றி வேலி நின்றது. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரே உன்னைத் தேடிவந்தது. ஊர்ச்சாவடியில் நாற்பது பேர் கூடினார்கள். மனுவுக்கு முதல் பெயர் வேண்டும். அந்தப் பெயரில்தான் வழக்கே அழைக்கப்படும், எல்லார் சார்பிலும் அந்த ஆள்தான் சத்தியம் செய்து பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்று நீ விளக்கினாய். தணிகாசலம் மார்பைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "என் பேர போடு சபாபதி. இன்னா பண்ணிடுவானுங்கன்னு பாத்துடலாம்!"

நீ அவனை உட்காரச் சொன்னாய். பிறகு, எந்த வழக்கறிஞரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டாய்.

"உங்கள்ல யாருப்பா ரொம்ப பயந்தவன்?"

நாற்பது விரல்கள் நீண்டன. எல்லாம் என் பக்கம். நான் அப்போது கிளை நூலகத்தில் நூலகர். அரசாங்க உத்தியோகம். திருப்பிக் கொடுக்காத புத்தகத்துக்கு நினைவூட்டல் அட்டை எழுதும்போதுகூட, 'கோபித்துக்கொள்ள வேண்டாம்' என்று அடியில் சேர்த்து எழுதுகிறவன். ஊருக்கு அது தெரியும்.

திரும்பி நடக்கும்போது ஏன் என்று கேட்டேன். அழுதுகொண்டே கேட்டேன் என்பதையும் உண்மைக்காகச் சேர்த்துக்கொள்கிறேன். "தைரியசாலி மூணு மாசத்துல கம்பெனிகாரன் கூட உக்காந்துகினு டீ குடிப்பான்டா. பயந்தவன் ஒரு காயிதத்த தொலைக்க மாட்டான். பொய் சொல்ல பயப்படுவான். வாபஸ் வாங்கவும் பயப்படுவான். கோர்ட்டுக்கு அவன்தான் வேணும்" என்றாய். சொன்னபடியே தணிகாசலம் மூன்றாம் மாதம் வேலி போட்டவர்களிடம் மணல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். நான் எட்டு வருடம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நடுங்கிக்கொண்டே வந்தேன்.

வழக்கு ஜெயித்தது. ஒரு ஊரிடமிருந்து எதையும் எடுக்கும் முன் அந்த ஊரைக் கேட்டாக வேண்டும் என்று தீர்ப்பு. என் பெயர் சட்டப் புத்தகத்தில் ஏறியது. அவ்வப்போது சட்டக்கல்லூரிப் பிள்ளைகள் 'அந்த ஏகாம்பரத்தை'ப் பார்க்க ஊருக்கு வருவார்கள். பெரிய மீசையை எதிர்பார்த்து வந்து, கதவைப் பாதி திறந்து "யாரு வேணும்?" என்று கேட்கிற என்னைப் பார்த்து, வீடு மாறி வந்துவிட்டதாக நினைத்துப் பக்கத்து வீட்டுக்குப் போவார்கள். நானும் திருத்துவதில்லை.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் நீ அதே கேள்வியைத்தான் கேட்டாய். மீனவர்களிடம், நெசவாளர்களிடம், துப்புரவுத் தொழிலாளர்களிடம், தேர்வெழுத விடாமல் நிறுத்தப்பட்ட மாணவிகளிடம். உன் புண்ணியத்தில் இந்த மாநிலத்தின் மிகவும் பயந்த மனிதர்கள் எல்லாரும் தீர்ப்புத் திரட்டுகளில் வரிசையாக இருக்கிறார்கள். அரசாங்கத்தை எதிர்த்து நின்ற பெயர்கள் என்று இளைஞர்கள் அவற்றை மனப்பாடம் செய்கிறார்கள்.

இப்போது நடப்பைச் சொல்கிறேன்.

நம் ஊருக்குக் கிழக்கே இருக்கிற ரசாயன ஆலை தன்னை இரண்டு மடங்காக்கிக்கொள்ள விரும்புகிறது. சட்டப்படி ஊரைக் கேட்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டார்கள். நான் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். கிணற்றுத் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியது, விடியற்காலையில் வருகிற அழுகிய முட்டை நாற்றம், ஏரியில் கொக்கு இறங்குவதை நிறுத்தியது எல்லாம் வரிசையாக. ஒன்றை மட்டும் எழுதவில்லை. தேவி அந்த ஆலையின் ஆய்வகத்தில்தான் வேலை செய்கிறாள். எம்.எஸ்சி. வேதியியல் முடித்து நான்கு வருடம் அலைந்து கிடைத்த வேலை. மூன்று வருடமாக வீட்டில் யாரையும் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க விடுவதில்லை. ஏன் என்று கேட்டால் சொல்வதில்லை. நான் இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்கப் பயம், பதில் சொல்லிவிடுவாளோ என்று.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஓர் இளைஞர் ஓடிவந்து என் கையைப் பிடித்து முதல் வரிசைக்கு அழைத்துப்போனார். மேடையில் அதிகாரிகள், பக்கவாட்டில் போலீஸ், பின்னால் ஆலையின் பெயர் போட்ட தொப்பி அணிந்த இருநூறு பேர். எல்லாரையும் விட்டுவிட்டு என் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். "கருத்துக்கேட்பு என்ற உரிமையையே நமக்குப் பெற்றுத்தந்த முன்னோடி ஐயா ஏகாம்பரம் அவர்களுக்கு, ஆலையின் சார்பில் பொன்னாடை போர்த்தப்படுகிறது." கைதட்டல். மாம்பழ நிறத்தில் ஜரிகை போட்ட பொன்னாடை. மேலாளர் தன் கையாலேயே போர்த்தி, மைக்கை என் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

அண்ணா, பொன்னாடை போர்த்தினால் ஒரு மனிதன் என்ன சொல்வான்? சட்டைப்பையில் மூன்று பக்கம் இருக்கிறது. கை அதைத் தொட்டுக்கொண்டும் இருக்கிறது. எதிரே இருநூறு தொப்பிகள். கடைசி வரிசையில் தேவி நிற்கிறாள், அவள் தலையிலும் தொப்பி.

"எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நன்றி" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

ஊரைக் கேட்டே ஆக வேண்டும் என்று நீ எட்டு வருடம் வாதாடினாய். கேட்டார்கள். நான் சொன்ன பதில் அது.

பத்து நாளில் கூட்டக் குறிப்பு வெளியானது. இரண்டாம் பக்கம், நான்காவது வரி: 'மூத்த குடிமகனும் முன்னோடி மனுதாரருமான திரு. ஏகாம்பரம் அவர்கள் திட்டத்தை வரவேற்று நன்றி தெரிவித்தார். அதன்பின் எதிர்ப்பு ஏதும் பதிவாகவில்லை.' அதன்பின் பதினேழு பேர் எதிர்த்துப் பேசினார்கள் என்பதை நான் காதால் கேட்டேன். எதிர்த்தெரு முத்துலட்சுமி தன் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துவந்து மேடைமேல் வைத்து, "குடிச்சிட்டு பேசு சார்" என்றாள். அந்தப் பாட்டிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பொன்னாடைக்கு முழுப்பக்கப் புகைப்படம் இருக்கிறது.

டீக்கடையில் வார்டு உறுப்பினர் கஜேந்திரன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டான். "வாங்க முன்னோடி! ஷால் நல்லா கீதா? துவைச்சா சாயம் போவுதா?"

"கஜேந்திரா, நான் நன்றின்னு மட்டும்தான்..."

"ஒரு ஷாலுக்கு ஒரு ஏரி. பரவால்ல அண்ணாத்த, நல்ல ரேட்டு. அடுத்த தபா ரெண்டு ஷாலு கேளு, கெணத்தயும் சேத்து குடுத்துரலாம்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாத்திமா வந்தாள். மலரைப் படிப்பவர்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம்: அண்ணனின் கடைசி ஜூனியர், பழவேற்காட்டில் கருவாடு வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பெண். அவரைப் பெரிய சார் என்பாள், என்னைச் சின்ன சார் என்பாள். சத்துணவுக் கூடத்தில் ஊர் கூடியது. கூட்டக் குறிப்பை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம் என்று விளக்கிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். நீ கழற்றுவாயே, அதே மாதிரி. நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"பெரிய சார் கேக்கற கேள்வியத்தான் நானும் கேக்கப்போறேன். உங்கள்ல யாரு ரொம்ப பயந்தவங்க?"

"இது ஒரு கேள்வியா மேடம்?" என்றான் கஜேந்திரன். "அதோ, தூணுக்கு பின்னால உக்காந்துகினு கீறாரே."

கோயில் திருவிழாவுக்கு நாள் குறிப்பதில்கூட இந்த ஊர் ஒருமனதாக இருந்ததில்லை. என் விஷயத்தில் மட்டும் இரண்டாவது முறையாகத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டம் முடிந்ததும் பாத்திமா என்னிடம் தனியாக வந்தாள். "வேற யாரு முதல் பேரா இருந்தாலும் நிக்காது சின்ன சார். நீங்க வரவேற்றீங்கன்னுதான் மொத்த குறிப்பும் நிக்குது. அத நீங்கதான் இல்லன்னு சத்தியம் பண்ணணும்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிப்பது என்று நான் சொல்வது எதை என்று உனக்குத் தெரியும்.

மறுநாளே குருவி கத்தியது. ஆலையின் மேலாளர். பழக்கூடையோடு வந்திருந்தார். நல்ல மனிதர், செருப்பை வெளியே வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்.

"சும்மா உங்கள பாத்துட்டு போலாம்னு வந்தேன் சார். உங்க பொண்ணு தேவி இருக்காங்களே, ரொம்ப சின்சியர். அவங்களுக்கு நல்ல ஃபியூச்சர் இருக்கு."

"நன்றிங்க" என்றேன். அந்தச் சொல்லை இனி யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அதையும் மீறி வந்துவிட்டது.

"ஊர்ல ஏதோ மனு கினுன்னு பேசிக்கறாங்க. நீங்க பெரியவங்க. உங்களுக்கு எதுக்கு சார் இந்த வயசுல அலைச்சல்?"

அவ்வளவுதான். மிரட்டல் என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது. புதன்கிழமை மறுபடியும் குருவி கத்தியது. இந்த முறை அவர் வரவில்லை. இரண்டு இளைஞர்கள் வந்து, "தேவி மேடம் ஊடு இதானே?" என்று கேட்டு, "சரி, தெரிஞ்சிகினு போலாம்னு வந்தோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பழக்கூடையும் இல்லை, செருப்பையும் கழற்றவில்லை. மறுநாள் காலை பத்தரைக்கு நான் எடுத்த வரலாற்று முடிவை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் தேவி வேலையிலிருந்து வந்து, மணி இருந்த இடத்தில் தெரிந்த இரண்டு ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் எதிரே உட்கார்ந்தாள்.

"போட்ருப்பா கையெழுத்து."

"உன்ன தூக்கிடுவாங்கடி."

"தூக்குவாங்க. போடலன்னா மட்டும் இன்னா? டெய்லி அந்த தண்ணிய டெஸ்ட் ட்யூப்ல ஊத்தி பாத்துகினு, ஊட்டுக்கு வந்து உங்கிட்ட ஒண்ணும் சொல்லாம சோறு துன்னணும். எது பேஜாருன்னு நீயே சொல்லு."

முதல் முறையாக அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசினாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்து, "என்ன வெச்சி நீ பயப்படாதப்பா. உனுக்கு பயமா இருந்தா உனுக்குன்னு பயப்படு. அத நான் கேக்கமாட்டேன்" என்றாள்.

அவள் சொன்னதில் எனக்கு ஒரு சிக்கல் வந்துவிட்டது. எனக்கென்று தனியாகப் பயப்பட என்ன இருக்கிறது என்று தேடிப்பார்த்தேன். வயது எழுபத்தொன்று. ஓய்வூதியத்தை யாரும் நிறுத்த முடியாது. மீசை இல்லை, அதனால் எடுக்கவும் முடியாது. தேடிக்கொண்டே இருந்தேன். எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் பயம் அப்படியே இருந்தது, வாடகை கேட்க முடியாத பழைய குடித்தனக்காரன் மாதிரி.

வெள்ளிக்கிழமை பாத்திமா வந்தாள். மணியைத் தேடிவிட்டுக் கதவைத் தட்டினாள். நான் கட்டிலுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு "யாரு?" என்று மூன்று முறை கேட்ட பிறகு திறந்தேன். பிரமாணப் பத்திரத்தை என் கையில் கொடுத்து, "சத்தமா படிங்க சின்ன சார்" என்றாள். உன்னுடைய இரண்டாவது பழக்கம். மனுதாரர் முழுவதையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும், எந்த இடத்தில் நாக்கு இடறுகிறதோ அந்த வரியைத் திருத்த வேண்டும், பொய் அங்கேதான் இருக்கும் என்பாயே.

ஆறு பத்திகளை வழுக்கிக்கொண்டு போவது போலப் படித்தேன். ஏழாவது பத்தியில் நின்றுவிட்டேன். 'அன்றைய சூழ்நிலையின் காரணமாக மனுதாரரால் தம் ஆட்சேபணைகளை முழுமையாக எடுத்துரைக்க இயலாமற்போயிற்று.' 'சூழ்நிலையின்' வரைக்கும் வந்தேன். நாக்கு நகரவில்லை. இரண்டாவது முறையும் அங்கேயே நின்றது.

பாத்திமா பேனாவை எடுத்தாள். "என்ன நடந்துச்சு, சின்ன சார்? உங்க வார்த்தையில சொல்லுங்க."

"பயந்துட்டேம்மா."

"அதையே எழுதட்டுமா?"

"கோர்ட்ல எல்லாரும் படிப்பாங்களே."

"படிப்பாங்க."

"உங்க பெரிய சார் பேரும் கெடும். அச்சமே அறியாதவரோட தம்பி பயந்துட்டேன்னு சத்தியம் பண்ணிக்கிறான்னு."

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். "உங்களுக்கு தெரியாதா?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "சார் ஒவ்வொரு கேசுக்கும் முன்னாடி வாந்தி எடுப்பாரு. கோர்ட் பாத்ரூம்ல. நான் வெளிய தண்ணி பாட்டில் வெச்சிகிட்டு நிப்பேன். கடைசி கேஸ் வரைக்கும். அதனாலதான் காலையில நாஷ்டா சாப்பிட மாட்டாரு."

நாங்கள் அதை விரதம் என்று நினைத்தோம், அண்ணா. அம்மா உன் வாய்தா நாளெல்லாம் எழுதிவைத்துக்கொண்டு, அன்றைக்கு வெறும் மோர் கொடுத்தனுப்புவாள். நைனா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வார், பிள்ளை சாமிக்கு விரதம் இருந்து வாதாடுகிறான் என்று. ஐந்து நீதிபதிகள் முன்னால் நான்கு நாள் வாதாடினாயே, நான்கு நாளும் அப்படித்தானா? என்னிடம் ஏன் சொல்லவில்லை? பயத்தில் எனக்கு நாற்பது வருட அனுபவம் இருக்கிறது. ஏதாவது உதவியிருப்பேனே.

இன்னொன்றும் கேட்க வேண்டும். போன இடத்திலெல்லாம் யார் ரொம்பப் பயந்தவர் என்று கேட்டாயே, அது கோர்ட்டுக்குத் தேவை என்பதற்காக மட்டும்தானா? அல்லது பக்கத்தில் உட்கார உன்னைப்போல் ஒருவர் வேண்டும் என்பதற்காகவுமா?

பாத்திமாவிடம் எழுதச் சொன்னேன். ஏழாவது பத்தி இப்போது இப்படி இருக்கிறது: 'நான் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பொன்னாடை போர்த்தினார்கள். நான் பயந்துவிட்டேன். நன்றி என்று மட்டும் சொன்னேன். திட்டத்தை நான் வரவேற்கவில்லை.' சத்தமாகப் படித்தேன். ஓர் இடத்திலும் இடறவில்லை. இவ்வளவு சரளமாக நான் எதையுமே படித்ததில்லை, நூலகத்தில் இருந்த முப்பது வருடத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்த மூன்று பக்கமும் ஆவணம் ஒன்று. பொன்னாடையின் புகைப்படம் ஆவணம் இரண்டு. பொன்னாடையையும் மடித்துக் கொடுத்தேன், துணி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கஜேந்திரன் இரண்டாவது மனுதாரர். அவன் கையெழுத்துப் போட வந்தபோது என் பெயருக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைப் பார்த்து, "உம் பேருக்கு கீழ போடறதுக்கு எனுக்கே கொஞ்சம் ஒதறலா கீது அண்ணாத்த" என்றான். கேலியாகத்தான் சொன்னான். பேனாவைப் பிடித்திருந்த விரலைப் பார்த்தேன். கேலி இல்லை.

நான் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. முதல் வழக்கில் போட்ட கையெழுத்தின் நகலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். அதே கோணல். ஒரே ஆள்தான் போட்டிருக்கிறார் என்று எந்த நிபுணரும் சொல்லிவிடுவார்.

இனி நடக்கப்போவது எனக்குத் தெரியாது. தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. யாரோ கல்யாணத்துக்கு வந்தவர்களாகவும் இருக்கலாம். மூன்று நாளாக நடக்கிற கல்யாணமாகவும் இருக்கலாம். ஜன்னலைத் திறப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. அது தனி விசாரணையில் இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தைரியமாக இருப்பேன் என்றல்ல. சத்தியம் செய்த கையோடு பொய் சொல்லக் கூடாது. பயப்படுவதை நிறுத்த மாட்டேன். மனுவை வாபஸ் வாங்கவும் மாட்டேன். ஒரு காகிதத்தையும் தொலைக்க மாட்டேன். வாய்தா நாளில் காலை ஏழு மணி வண்டியைப் பிடித்து, பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் அது நிற்கும்போது இந்தப் பிரமாணப் பத்திரத்தை இன்னொரு முறை படித்துக்கொண்டு வருவேன். நாஷ்டா சாப்பிட மாட்டேன். யாராவது கேட்டால் விரதம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

உனக்குப் பின்னால் நடந்துவருகிற தம்பி,
ஏகாம்பரம்,
மனுதாரர் எண் ஒன்று.

பி.கு.: இதை மலர்க்குழுவுக்கு அனுப்பத் தாமதமாகிவிட்டது. இன்று செவ்வாய்க்கிழமை. மனுவை நேற்றுத் தாக்கல் செய்துவிட்டதாகப் பாத்திமா போனில் சொன்னாள். தேவிக்கு இன்று வார விடுமுறை. காலை ஒன்பது மணிக்கு ஆலையிலிருந்து ஒருவர் வந்து, அவளுடைய நுழைவு அட்டையையும் தொப்பியையும் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். மணி இல்லாததால் கதவைத் தட்டினார்.